சனிக்கிழமைக் கூட்டத்தில் ஷீலா

"கண்ணையே எடுக்கணும்ங்கிறீங்க. நாளைக்கு எம்பொண்ணு முகத்த நான் எப்பிடி மேடம் பாக்கறது?"

மஞ்சுளா இப்படிக் கேட்டபோது சம்மதப் படிவத்தை மூன்றாவது முறையாக அவள் பக்கம் நகர்த்தியிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. பெங்களூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நான் சமூகப் பணியாளர். மஞ்சுளா ஹெப்பகோடியிலிருந்து வந்த சின்னப் பெண். அவளுடைய இரண்டு வயது மகள் திவ்யாவுக்குப் பிறந்தநாள் போட்டோவில் இடது கண் மட்டும் வெள்ளையாக மின்னியிருந்தது. நாங்கள் ஆர்.பி. என்று சுருக்கிச் சொல்லும் விழித்திரைப் புற்றுநோய். நோய் கண்ணுக்குள் இருக்கும்போதே கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும்.

அபூர்வமான நோய் என்பதுதான் பெரிய தொல்லை. பக்கத்து வீட்டில் யாருக்கும் வந்திருக்காது, விசாரிக்க ஆள் கிடைக்காது. அதற்காகவே சனிக்கிழமை மதியம் ஆர்.பி. பெற்றோர்களைக் கூட்டினோம். அந்த மதியங்களை இப்போது நினைத்தால் அரைத்தூக்கத்தில் கண்டவை மாதிரி இருக்கிறது. ஓ.பி. முடிந்து காலியான ஹால், வெளியே தூறல், ஜன்னலில் வெளுத்த வெளிச்சம். தமிழும் கன்னடமும் உருதுவும் குழைந்து ஒரே முணுமுணுப்பாகக் கேட்கும். செயற்கைக் கண் வைத்த பிள்ளைகள் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடுவார்கள். எந்தக் கண் நிஜம் என்று எனக்கே மறந்துபோகும்.

அங்கே நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். பிள்ளை பிழைத்தவர்கள் மட்டும்தான் புதியவர்களிடம் பேசலாம். லிங்கராஜபுரத்திலிருந்து வாராவாரம் வரும் ஷீலா டீச்சர் இதே நோயில் மகனை இழந்தவர். அவரை டீ ஊற்றும் வேலையில் நிறுத்திவிடுவேன். "புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க டீச்சர்" என்பேன். "சரி மேடம்" என்பார். எவ்வளவு இங்கிதமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மஞ்சுளாவையும் அந்தச் சனிக்கிழமை அங்கே உட்காரவைத்தேன். பிழைத்த பிள்ளைகளின் அம்மாக்கள் அவளிடம் மாற்றி மாற்றிப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"உங்களுக்கெல்லாம் நல்லபடியா ஆயிடுச்சுக்கா. ஆடுகோடில ஒருத்தர் கண்ணுக்குச் சொட்டு மருந்து தர்றாராம். ஒரு மாசம் பாத்துட்டு வர்றேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஷீலா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தார்.

"நானும் ஒரு மாசம்தாம்மா கேட்டேன். அது மூணு மாசமாச்சு. அதுக்குள்ள மூளைக்குப் போயிருச்சு. என் ஜோயல் ரெண்டு கண்ணோடதான் போனான்."

தடுக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சுளா குழந்தையை இறுக்கிக்கொண்டு ஷீலாவைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு நீங்க வருவீங்களாக்கா?"

"காலையிலயே வந்துடறேன்."

ஷீலா வந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மஞ்சுளாவின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். திவ்யா பிழைத்துக்கொண்டாள்.

பிறகு ஷீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்காமலே ஒருவரை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்கு இங்கிதம் என்று பெயர் வைக்கக்கூடாது. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்.

"பரவால்ல மேடம். வீட்ல யாரும் அவன் பேரையே எடுக்கறதில்ல. இங்கயாவது யாராச்சும் கேப்பாங்கன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, ஜோயலுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். வாட்ச்மேன் ஹாலைப் பூட்ட வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்.