தராசக்காவும் ஏழாம் வீட்டு மீன்களும்

ஈரக் கையில் மீனை ஏந்திக்கொண்டு ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடுகிறார். "நூத்தி நாப்பத்தாறு." அதற்குப் பிறகுதான் தராசில் வைக்கிறார். நூற்று நாற்பத்தேழு காட்டுகிறது. "அந்த ஒரு கிராம் தண்ணி," என்கிறார், தோல்வியை ஒப்புக்கொள்ளாத குரலில். அடுத்த மீன் அதற்குள் கைக்கு வந்துவிட்டது.

மீன் இனப்பெருக்க நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக எடை போடுகிறார். எல்லோருக்கும் தராசக்கா. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காய்கறிக் கடையில் இவர் பூசணித் துண்டைக் கையில் வாங்கினாலே போதும், கடைக்காரர் பேசாமல் இன்னொரு கீற்று நறுக்கி வைத்துவிடுகிறார். "நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னைத் தூக்கிப் பாக்கல," என்கிறார் ஒல்லியான கணவர். அக்கா சிரிப்பதில்லை. "அம்பத்தி மூணு கிலோ. பாத்த உடனே தெரிஞ்சுது. போனாப் போகுதுன்னு விட்டேன்."

ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குஞ்சுகளை அவர் 'வீடு' என்கிறார். நிலையத்தில் ஐம்பது வீடுகள். ஒவ்வொரு மீனின் வயிற்றுக்குள்ளும் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. கையடக்க மிஷினை மேலே காட்டினால் 'கீச்' என்று கத்திவிட்டு வீட்டு எண்ணைச் சொல்லும். வேகமாக வளர்ந்த வீடுதான் அடுத்த தலைமுறைக்குத் தாயும் தகப்பனும் தரும். மற்றவை கழிவு. "நல்லாப் படிக்கிற பிள்ளைய மேல படிக்க வைக்கிறோம். இதுல என்ன பெரிய சூட்சுமம்?"

நாற்பத்தொன்றாம் வீடு அவருக்குச் செல்லம். அந்தத் தொட்டியைக் கடக்கும்போது நடை தானாகக் குறையும். "என் தங்கங்களா, சாப்ட்டீங்களா?" அதற்கு நேர் எதிர் ஏழாம் வீடு. அது ஆரம்பத்திலிருந்தே எதையும் பொறுக்கியெடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று மட்டும் வைத்திருந்த பழைய வம்சம். எந்தத் தலைமுறையிலும் அதுதான் கடைசி. "சோம்பேறிப் பசங்க. இதுங்களுக்குத் தீனி போடறதே தெண்டம்." இந்த வருஷம் தொட்டிகள் போதவில்லை. எதைக் காலி செய்யலாம் என்று நிலைய அதிகாரியம்மா கேட்டதும், யோசிக்காமல் முதல் வரியில் ஏழு என்று எழுதிக் கொடுத்தவர் அக்காதான். அவரைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம் இதைப் பெருமையாகவே சொன்னார்.

மறுநாள் காலை அவரோடு வேனில் போனேன். இதுவரை மீன்களின் வளர்ச்சியை நிலையத்துக்குள்ளேயே பார்த்து வந்தார்கள். வடிகட்டிய தண்ணீர், ஓயாத காற்றுக் குமிழ், வேளை தவறாத தீனி. பத்து வீடுகளை, வீட்டுக்கு நாற்பது குஞ்சாக, வெளியே ஒரு குளத்தில் விட்டுப் பார்ப்பது இதுவே முதல் தடவை. விட்டு ஏழு மாதமாகிறது. அந்தக் குளம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் நாள்பட்ட தேநீரின் நிறம். வெயில் ஏற ஏற ஒரு புளித்த வாடை எழுந்தது. சொந்தக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை மடித்த கால்சட்டையோடு வலையை இழுத்துக்கொண்டு வந்தார்.

முதல் மீன் அக்காவின் கையில் துள்ளியது. கண்ணை மூடினார். "நானூத்திப் பத்து." சரியாக நானூற்றுப் பத்து. முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா என் நாப்பத்தொண்ண?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மிஷினைக் காட்டினார். கீச். ஏழு.

"மிஷின் கெட்டுப்போச்சு."

பேட்டரியை மாற்றினார். மறுபடி ஏழு. அடுத்த பெரிய மீன். ஏழு. அதற்கடுத்தது பன்னிரண்டு, அப்பாடா என்றார். பிறகு வரிசையாக மூன்று ஏழு.

பத்தாவதோ பதினொன்றாவதோ வந்த மீன் சீப்பு மாதிரி இருந்தது. தலை மட்டும் பெரிது, உடம்பு முள்ளும் தோலும். கீச். நாற்பத்தொன்று. அக்கா அதைத் தராசில் வைத்தார். எண்ணைச் சொல்லவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். எண்பத்தெட்டு.

வலை மூன்று முறை போய் வந்தது. விட்ட நாற்பதில் ஏழாம் வீட்டில் முப்பத்தொன்று உயிரோடு இருந்தன. நாற்பத்தொன்றில் ஆறு. அதிகாரியம்மாவைக் கூப்பிட அக்கா ஈரக் கையாலேயே போனை எடுத்தார். விரல் வழுக்கியது. மூன்றாம் முறைதான் எண் சரியாக விழுந்தது.

"மேடம், ஏழாந் தொட்டி... தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க."

ஒலிபெருக்கி போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "அது எட்டு மணிக்கே முடிஞ்சிருச்சே அக்கா. நீங்கதானே மொத வரியில எழுதியிருந்தீங்க? பிளீச்சிங் போட்டுக் கழுவிக்கூட விட்டாச்சு."

அக்கா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். சேலை சேற்றில் நனைந்துகொண்டிருந்தது. குளத்துக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை.

"மீதி இருக்கறது இந்த முப்பத்தொண்ணுதான் தம்பி. அத எங்கிட்டக் குடுத்துடு."

அவர் பாட்டிலைத் திருகி மூடினார். எடை போட்டு முடித்ததும் மீன் எல்லாம் குளத்துக்காரருக்கே என்பதுதான் பேச்சு.

"என் குளத்துல உருப்படியா வளந்ததே இது ஒண்ணுதான்க்கா. மூணு வருஷமா உங்ககிட்டதான் குஞ்சு வாங்கறேன். நாப்பத்தொண்ணு. நீங்களே எண்ணிக் குடுத்தீங்க."

"நானா?"

"ஆமா. 'கண்ண மூடிக்கிட்டு விடு, தங்கம்'னு சொன்னீங்க. மொத வருஷம் பாதி செத்துச்சு. அடுத்த வருஷம் முக்காவாசி. எங்க அண்ணன் குளத்துலயும் அதே கததான். அவரு குளத்த மூடிட்டு லாரி ஓட்டப் போயிட்டாரு."

"ஏன்டா வந்து சொல்லல?"

"உங்க தொட்டியில அது அந்தத் துள்ளு துள்ளுதே! அப்ப கோளாறு எங்க கிட்டத்தானேன்னு நெனச்சோம். எங்களுக்குக் கைராசி இல்லன்னு எங்க அண்ணியே சொல்லிருச்சு."

அந்தக் கரை நெடுகக் குளங்கள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதி வறண்டு கிடந்தன. உதடு அசைந்தது. யார் யாருக்குக் குஞ்சு கொடுத்தோம் என்று நினைத்துப் பார்க்கிறார் என்பது புரிந்தது. நான் எழுத வந்தது கையாலேயே எடை சொல்லும் ஒரு வேடிக்கை மனுஷியைப் பற்றி. நோட்டை மூடி வைத்தேன்.

குளத்துக்காரரே போய் வேனிலிருந்து பெரிய டிரம்மை இறக்கினார். காற்றுக் குழாயைச் சொருகினார். ஏழாம் வீட்டு மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து விட ஆரம்பித்தார். "எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட இருந்தா இதோட முடிஞ்சிடும். உங்ககிட்டப் போனா குஞ்சு பொரிக்கும்."

முப்பத்தொன்றாவதை விட்டுவிட்டு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப அடுத்த வருஷம் எனக்கு எந்த வீட்டுக் குஞ்சுக்கா நல்லது?"

கேள்வி முடியும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுகிறவர் தராசக்கா. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கினார். குனிந்து, அந்தத் தேநீர் நிறத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.