கண் போன மூலை

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்ததும், எழுபதுகளின் நடுவில், சென்னையில் ஒரு பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். ஓவியத்தைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் எங்கே போகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவருடைய ஆராய்ச்சி. எனக்கு ஓவியமும் தெரியாது, கம்ப்யூட்டரையும் பார்த்ததில்லை.

படம் ஒன்றுதான். குடிசை வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, மேலே இடது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருமேகம். முதலில் பார்த்த இடத்தில் விரல் வைக்கச் சொல்வேன். பிறகு கட்டம் போட்ட கண்ணாடித்தாளை மேலே விரித்து, விரல் பட்ட கட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொள்வேன். அந்த எண்களை அட்டைகளில் துளையாக்கி, கம்ப்யூட்டர் அறையின் ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் நீளமான தாள் வரும். நிறையப் பேர் பார்த்த இடத்தில் எழுத்துகள் அடர்ந்து கறுத்திருக்கும். கல்லூரி மாணவர்களுடைய தாளில் அந்தப் பெண்ணின் முகம்தான் கறுத்திருந்தது.

"படிக்காதவங்களும் இப்படித்தான் பாக்கறாங்களான்னு தெரியணும். உங்க ஊருக்குப் போயிட்டு வாம்மா" என்றார் பேராசிரியர்.

என் ஊர் மரக்காணம். அப்பா வாத்தியார் என்பதால் உப்பளத்தில் நான் கால் வைத்ததே இல்லை. சித்திரை வெயிலில் ஒவ்வொரு உப்புப் பாத்தியாகப் போய், வேலை செய்கிறவர்களிடம் படத்தைக் காட்டி, எண்களோடு திரும்பினேன்.

தாள் வந்தது. முகம் வெறுமையாக இருந்தது. இடது மூலை கறுத்திருந்தது.

"அட்டையைத் தலைகீழா அடுக்கிட்டியா?"

இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். "தப்பு இல்ல சார். அங்கதான் கை வச்சாங்க."

"அப்படின்னா கேள்வியே அவங்களுக்குப் புரியல" என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏன் அங்கே கை வைத்தீர்கள் என்று நானும் ஒருவரையும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

முதலில் விரல் வைத்த அக்கா உப்பு வாரிக்கொண்டிருந்தார். படத்தை மறுபடி நீட்டி, ஏன் மேகத்தில் கை வைத்தார் என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? மழ வரப் போவுது பாரு."

"அந்தப் பொம்பள முகம் கண்ணுல படலியாக்கா?"

"பட்டுச்சி. அவ எங்க போயிடப் போறா, அங்கியேதான் நிப்பா. மேகம் நிக்குமா? ஒரு மழ பேஞ்சா இவ்ளோ உப்பும் கரைஞ்சிடும்." உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "துணிய இன்னும் எடுக்காம நிக்கிறாளே!"

குனிந்து பார்த்தேன். குடிசையின் பக்கவாட்டில், கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அது என் கண்ணில் படவே இல்லை.

திங்களன்று சொன்னேன். பேராசிரியர் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு மாசமா என் மேஜை மேல கெடக்கு. இந்தச் சேலைய இன்னிக்குத்தான் பாக்கறேன்." மடித்து வைத்த தாளை எடுத்து விரித்தார். "உன் கணக்கு சரிதாம்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

அன்றே அட்டையில் பார்ப்பவரின் தொழிலுக்கும் ஓர் இடம் ஒதுக்கினோம்.

அடுத்த முறை அவரும் வந்தார். மரக்காணத்தை அடுத்த மீனவர் ஊரான எக்கியார்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் படத்தை வாங்கி, விரல் வைக்காமல் யோசித்தார்.

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது சார்?"

பேராசிரியர் மணலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினார்.