பத்தொன்பதும் பாரூக் நானாவும்

புள்ளிவிவரவியல் படித்தவனிடம் யாரும் கணக்குக் கேட்க வருவதில்லை. தங்கள் கணக்குக்குச் சாட்சி கேட்டுத்தான் வருவார்கள். கணக்கு வாத்தியார்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

கொப்பியோடு வந்தவர்

எழுபதுகளில் சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லிட்கம் புறநகரில் தொழிற்சாலை வேலை பார்த்த பாரூக் நானா, எண்கள் எழுதி நிரப்பிய ஒரு கொப்பியோடு வந்தார். கண்டிக்காரர், நல்ல மனிதர்; அவர்கள் பக்கத்தில் அண்ணனுக்கு நானா. குர்ஆனில் அத்தியாயங்கள் நூற்றுப் பதினான்கு, பத்தொன்பதால் மிச்சமில்லாமல் பிரியும் என்றார். அது சரிதான். ஒவ்வொரு சொல்லும் எத்தனை தரம் வருகிறதோ அந்த எண்ணிக்கையும் அப்படியே பிரியும், பெருநாள் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன், நீங்கள் சரிபார்த்துத் தாருங்கள் என்றார்.

"பிழையெண்டால் என்ன செய்யிறது நானா?"

"பிழையா இருந்தா, சரியா வாற வரைக்கும் பாருங்க தம்பி."

இரண்டு கூடிப்போச்சு

எனக்கு அரபு தெரியாது. அவர் வாசிக்க, நான் கோடு போட்டேன். முதல் சொல்லில் இரண்டு கூடிவிட்டது. பன்மையில் வருவதை விட்டுவிடச் சொன்னார். அடுத்த சொல்லில் மூன்று குறைந்தது. பன்மையைச் சேர்க்கச் சொன்னார். ஒரு விதியைப் பிடியுங்கோ என்று கெஞ்சினேன்.

"ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு குணம் தம்பி."

ரயில் அட்டவணை

இப்படி எண்ணினால் எதிலும் பத்தொன்பது வரும் என்று காட்ட, லிட்கம் ரயில் நேர அட்டவணையை எடுத்தேன். அவருடைய சலுகைகளோடு அரை மணித்தியாலத்தில் ஆறு இடத்தில் பத்தொன்பதைப் பிடித்தேன். திருந்திவிடுவார் என்று நினைத்தேன். கண் கலங்கிப்போனார்.

"ரயிலையும் அல்லாஹ் விட்டு வைக்கல்ல, பாத்தீங்களா!"

பெருநாள்

பெருநாளுக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்: எண்ணி முடித்தபிறகு விதியை மாற்றினால் அது சான்று ஆகாது. நானாவின் முகம் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நண்பரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரஹ்மா அன்ரி, எண்ணின நேரத்துக்கு ஓதியிருந்தால் குர்ஆனை இரண்டு தரம் முழுசாக ஓதி முடித்திருக்கலாம் என்றார். நானாவே முதலில் சிரித்தார்.

மறுநாள் மண்டபத்தில் அவர் பத்தொன்பதைத் தொடவே இல்லை. "எண்ணுறதை விட்டுட்டு ஓதுங்க" என்று உருக்கமாகப் பேசினார். எல்லாரும் பாராட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு குரல் கேட்டது:

"அது நான் சொன்னது!"

என் தொழிலில் நான் கேட்ட உரிமைகோரல்களில், சரிபார்க்கத் தேவையே இல்லாமல் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.