வாய்க்கால் கரைப் புல்

சம்பா நட்ட பிறகு எங்கள் ஊரில் ஆடு மேய்க்க இடம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயிர். அவிழ்த்து விட்டால் அடுத்தவர் வயலில் வாய் வைக்கும், சண்டை வாசல் வரை வரும். அதனால் தை அறுப்பு முடியும் வரை ஆட்டைக் கட்டிப் போட்டு, தீனியை நாம்தான் தேடிக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பால் ஆட்டை என் மகளுக்காக ஆவணியில் வாங்கினோம். ஒன்றரை வயதில் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது அட்டையில் அவளுடைய புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. மாமியார் அன்றே ஆட்டுப்பால்தான் என்று முடிவு செய்தார். சிங்கப்பூரில் இருக்கும் கணவர் போனில் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மகள் அந்தப் பாலைக் குடித்தாள். வேறு எதையும் அவள் அப்படிக் குடித்ததில்லை. அதற்காகவே தினமும் விடிந்ததும் அரிவாளோடு வாய்க்கால் கரைக்குப் போய், பனி சொட்டச் சொட்டப் புல் அறுத்து வந்தேன். "பி.எஸ்சி படிச்ச பொண்ணு புல்லுக்கட்டு தூக்குது பாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

கார்த்திகையில் ஆட்டின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. புல் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கட்டு போட்டேன். தாடைக்குக் கீழே தொளதொளவென்று வீங்கிய பிறகுதான் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போனேன்.

மருத்துவர் ஆட்டின் கீழ் இமையை விரலால் இறக்கிக் காட்டினார். உள்ளே ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது.

"என்ன தீனி போடுறீங்க?"

"புல்லுதான் சார். வாய்க்கால் கரையில அறுத்துட்டு வருவேன்."

"அங்க நத்தை கிடக்குமே, பாத்ததில்லையா? தட்டைப்புழு அதுலேருந்துதாம்மா புல்லுக்கு வருது. இப்ப ஈரல்ல இருக்கு. நீங்களே ஊட்டி விட்டிருக்கீங்க."

அவர் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பள்ளியில் அந்தப் புழுவைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். நத்தையையும் பார்த்திருக்கிறேன். மகளுக்கு வேடிக்கை காட்ட ஒன்றை வீட்டுக்கே எடுத்து வந்திருக்கிறேன்.

மருந்து கொடுத்தார். ஆடு தேறும் வரை கறக்கக் கூடாது என்றார். இனி மேட்டில் நிற்கும் அகத்தி, பூவரசுத் தழைதான் போட வேண்டும்; கடலைப் புண்ணாக்கை ஒரு கைப்பிடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். என் கையை ஆட்டின் முதுகில் வைக்கச் சொன்னார். "வாரத்துக்கு ஒரு தடவை இப்படித் தடவிப் பாருங்க. எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அப்பத்தான் தேறிடுச்சுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டதும் மாமியார், கறக்க எடுத்த செம்பைக் கீழே வைத்தார். "புள்ளைக்குன்னு வாங்கின ஆடு. புள்ளையக் காயப்போட்டு ஆட்டைத் தேத்தப் போறியா?"

"டாக்டர் சொன்னாருங்க அத்தை."

"டாக்டரு வந்து பால் குடுப்பாரா?"

நான் கறக்கவில்லை. பாக்கெட் பாலை மகள் துப்பினாள். சர்க்கரை போட்டேன், துப்பினாள். மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரு டம்ளராவது கறந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. கறந்திருந்தால் ஆடு செத்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. அன்று அவரிடம் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மாசியில் ஆட்டின் முதுகில் கை வைத்தால் சதை அழுந்தியது. இமைக்குள் சிவப்பு வந்திருந்தது. மடி மட்டும் வற்றிவிட்டது. இனி அது சினையாகிக் குட்டி போட்டால்தான் பால்.

அதே வாரம் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். மஞ்சளிலேயே புள்ளி இன்னும் கீழே போயிருந்தது. வீடியோ காலில் மாமியார் ஆட்டை என் கணவரிடம் காட்டினார்.

"உம் பொண்டாட்டி ஆட்டை நல்லாத் தேத்திட்டா தம்பி. புள்ளையத்தான் விட்டுட்டா."

அவர் சிரித்தார். "அம்மா சும்மா சொல்றாங்க, விடு" என்றார் என்னிடம். நான் விட்டேன்.

அன்று மகளைக் குளிப்பாட்டும்போது என் கை தானாக அவள் முதுகுக்குப் போனது. எலும்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.