விரல் நீட்டும் காட்சி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. போன பிப்ரவரியில், புதுச்சேரியின் சாரம் பகுதியில், பட்டப்பகலில், பாரதிக்கு நடந்தது.

பாரதி ஒரு நாடகக் குழுவில் நடிப்பவள். அப்போது ஒத்திகையில் இருந்த நாடகம், ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஊரே சேர்ந்து விரட்டுகிற கதை. பாரதிக்குச் செண்பகம் வேஷம். சாமி வந்ததுபோல் விழுந்து புரண்டு, தனக்குப் பிடிக்காதவள் பக்கம் விரலை நீட்டி, "இவதான்!" என்று கத்துவாள். மற்ற நான்கு பெண்களும் அதையே திருப்பிக் கத்துவார்கள். பழி விழுகிற பெண்ணாக நடித்தவள் சுலோசனா.

சுலோசனா குழுவுக்குப் புதிது. இரண்டாவது வாரமே இயக்குநர் ஜானகிராமன் அவளைப் புகழ ஆரம்பித்தார். பாரதிக்கு வயிறு எரிந்தது. நான்கு பெண்களில் ஒருத்தியான சிந்துஜாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, மற்றவர்களிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினாள்.

"அவ வந்ததிலேர்ந்துதான் எல்லாம். கவனிச்சியா?"

அடுத்த வாரம் மேடை விளக்கு ஒன்று கழன்று விழுந்தது. அதன் திருகைத் தளர்த்தி வைத்தவள் பாரதியேதான்.

"நான் சொல்லல?"

அதற்குப் பிறகு சுலோசனா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் குடித்த டம்ளரைக்கூடத் தொடவில்லை. கடைசியில் ஜானகிராமனே, "ரெண்டு நாள் வராம இரும்மா" என்றார். சுலோசனா பையை எடுத்துக்கொண்டாள். பாரதியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒத்திகை. மில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பழைய கூடம். மணி இரண்டு ஐம்பது. பாரதி தரையில் விழுந்து புரண்டாள். முடி முகத்தை மூடியது. விரலை நீட்டினாள்.

"இவதான்!"

"இவதான்... இவதான்..."

வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்கள்.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். ஈரக் கை. ஜில்லென்று...

"யாருடி? விடு."

விடவில்லை. அவள் விரலைத் திருப்பியது. அவள் நெஞ்சுக்கே.

"இவதான்..."

காதோரம்.

"இவதான்."

முடியை விலக்கினாள்.

கூடத்தில் யாருமே இல்லை.

வெளியே ஓடினாள். தெருமுனை டீக்கடையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கடைக் கடிகாரத்தில் மூன்று இருபது.

"விழுந்த உடனே கரண்ட் போச்சு. எழுந்திரிடின்னு கூப்பிட்டோம். நீங்க போங்க, வரேன்னு நீதான சொன்ன?" என்றாள் சிந்துஜா.

பாரதி அப்படிச் சொல்லவே இல்லை.

மணிக்கட்டில் நான்கு விரல் தடங்கள் நீலமாய்க் கன்றியிருந்தன. கட்டைவிரல் தடம் மட்டும் இல்லை.

கூடத்துச் சாவி வைத்திருந்த கலியமூர்த்தி, எழுபது வயதுக்காரர், அந்தக் கையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மில்லு மிஷின்ல கட்டைவிரல் போனவ ஒருத்தி இங்க இருந்தா. பக்கிரி பொண்டாட்டி. சூனியக்காரின்னு ஒருத்தி கெளப்பிவிட்டா. இந்தக் கூடத்துலதான் கட்டிவச்சி, தண்ணி ஊத்தி ஊத்தி அடிச்சாங்க. செத்துட்டா."

"கெளப்பிவிட்டவ?"

"என் தங்கச்சி. அவ கையிலயும் இதே மாதிரி விழுந்துச்சு. பொய்யின்னு ஒத்துக்கடின்னு கெஞ்சினோம். ஒத்துக்கல. பதினோரு நாள்தான் இருந்தா."

பாரதி அன்றைக்கே குருசுக்குப்பத்தில் சுலோசனா வீட்டு வாசலில் போய் நின்றாள். விளக்கு, காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னாள். சுலோசனா கடைசிவரை கேட்டாள்.

"போ" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழுவிலும் எல்லோர் முன்னாலும் பாரதி ஒத்துக்கொண்டாள். அதோடு யாரும் அவளிடம் பேசவில்லை. நாடகமும் நின்றுபோனது. ஆனால் தடங்கள் மறைந்தன. பன்னிரண்டாம் நாளும் பாரதி உயிரோடுதான் இருந்தாள்.

அதைச் சொல்லத்தான் கலியமூர்த்தியிடம் போனாள். கொளுத்துகிற வெயிலில் அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"நீ சொல்லிட்ட. தப்பிச்சுட்ட" என்றார். சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

நான்கு தடங்கள். புதிது.

"கட்டின கயிறு நான் எடுத்துக் குடுத்ததும்மா. நாப்பத்தஞ்சு வருஷமா வாயே தொறக்கல."

"யார்கிட்டயாவது போய்ச் சொல்லுங்கய்யா..."

"யார்கிட்டம்மா? பக்கிரியும் போய்ச் சேந்துட்டான். அவளுக்குன்னு யாரும் இல்ல."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட பத்து."

மறுநாள் கூடத்தைத் திறக்க ஆள் வரவில்லை.