பக்கத்து நாற்காலியின் தீர்ப்பு

துப்பாக்கிக்குப் புதிதாக எந்த உதிரிப்பாகம் விற்பனைக்கு வந்தாலும், அதை மாட்டிச் சுட்டுப் பார்த்து வீடியோ போடுவதுதான் எங்கள் மொன்டானா ஊரில் வெர்லின் ஸ்டக்கியின் பிழைப்பு. குழலைச் சுற்றி மாட்டும் கைக்காப்பு எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க, அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டை வைப்பார். அது பொரிந்தால் கைக்காப்பு தோல்வி, காலை உணவு தயார்.

அன்று குழல் முனையில் ஒரு பிரேக்கைத் திருகினார். வெடிக்காற்றைப் பக்கத்துத் துளைகள் வழியே தள்ளி, தோளில் விழும் உதையைக் குறைக்கும் சாமான் அது. பக்கத்து நாற்காலியில் மனைவி மார்வா இருந்தார். இந்த வருட எல்க் மான் வேட்டைக்கு மார்வாவும் கூட வரவேண்டும் என்பது வெர்லினின் பெரிய ஆசை.

சுட்டார். "அடடா, உதையே இல்ல! பூனைக்குட்டி தட்டின மாதிரி இருக்கு."

மார்வாவின் தொப்பி புதருக்குள் கிடந்தது. "அந்த உதையெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்துச்சு. இதை மாட்டிக்கிட்டுப் போனா, மானை நீ ஒத்தையிலயே இழுத்துட்டு வா."

"ரொம்ப அலட்டிக்காத, செல்லம்."

"அப்படியா? எந்திரி. நான் சுடறேன், நீ இங்க உக்காரு."

மார்வா சுட்டார். வெர்லினின் காபி சட்டையிலும், புழுதி மீசையிலும் போய்ச் சேர்ந்தன.

"எப்படி இருந்துச்சு, செல்லம்? பூனைக்குட்டியா?"

வெர்லின் மீசையைத் தட்டினார். "இதைக் கழட்டணும், ஸ்பேனர் எங்க வச்சேன்?"

அன்று அவர் போட்ட வீடியோ இப்படி முடிந்தது: "அருமையான பிரேக். கல்யாணம் ஆகாதவங்க தாராளமா வாங்கலாம்."