தடிமன் பார்த்துப் பிரித்த எழுத்து

அமுதா, பாண்டி, நம் அச்சுக் கொட்டகை ஏன் மூடிப்போனது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். இன்றைக்கு உள்ளதை எழுதிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து போகிற ஆள் நான், அது உங்களுக்கே தெரியும். தேனி மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிறவனுக்குத் தராசு முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை. ஆகையால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

இரண்டாயிரத்து இரண்டு என்று நினைக்கிறேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு தகரக் கொட்டகையில் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சடித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிற பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு நடந்தது, அதற்குப் பாடத்தாள் போட்டுத் தருவது எங்கள் வேலை. நாள் முழுக்கக் குனிந்து காயையே பார்த்து அவர்களுக்குக் கண்ணில் நீர் வடியும், பொடி எழுத்து தெரியாது. எங்களிடம் இருந்ததோ பொடி எழுத்து மட்டும். பெரிய அச்செழுத்து தேடி மதுரை வரைக்கும் அலைந்தோம். எல்லா அச்சகமும் ஆப்செட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், ஈய எழுத்தையெல்லாம் உருக்கப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் அம்மாவும் அந்தக் குடோனில்தான் வேலை பார்த்தாள். "பிள்ளைக நோட்டுல அப்படி என்னதான் எழுதுதுகன்னு நானும் பாக்கணும்ல" என்பாள். ஒருநாள் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ப, ட, ம என்று மூன்று எழுத்து எழுதிக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். அடுத்தது என்ன என்று கேட்டாள். "பெரிய எழுத்து வரட்டும், தாள்லயே அடிச்சுத் தாரேன், பொறு" என்றேன். பொறுத்தாள். ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் அவள் இல்லை. அந்தச் சாக்பீஸ் அப்போதும் என் சட்டைப்பையில்தான் கிடந்தது.

தை மாதம் பெரிய எழுத்து கிடைத்தது. எங்களில் தொழில் தெரிந்தவர் சிக்கந்தர் மாமா ஒருவர்தான், நாற்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். உத்தமபாளையத்தில் அச்சகம் நடத்திய ஒருவர் இறந்துபோய், அவர் சம்சாரம் எழுத்தைச் சும்மாவே தருவதாகச் சொன்னார்கள் என்று என்னையும் கூட்டிப் போனார். அந்தம்மா நாலு சாக்கு மூட்டையைக் காட்டினார்கள்.

"மரத்தட்டு நல்ல தேக்குன்னு கேட்டாக, குடுத்துட்டேன். எழுத்தெல்லாம் பத்திரமாக் கொட்டி வச்சுருக்கேன். ஒண்ணுகூடத் தொலையல."

தட்டில் அறை அறையாகப் பிரித்துப் போட்டிருந்தால்தான் அது எழுத்து. சாக்கில் கலந்து கொட்டினால் வெறும் ஈயம். சிக்கந்தர் மாமா அந்தம்மா முகத்தைப் பார்த்தார், "ரொம்ப நல்லதும்மா" என்றார். வெளியே வந்து வேனில் மூட்டையை ஏற்றும்போதுதான், "மாப்ளே, சோத்தையும் மண்ணையும் கலந்து குடுத்துட்டாக" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு ஞாயிறு காலையில் கொட்டகையில் தார்ப்பாய் விரித்து ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினோம். ஆயிரக்கணக்கில் கிடந்தது. மூன்று மணி நேரம் பிரித்தும் ரெண்டு கைப்பிடி தேறவில்லை. மாமா மதியம் லுகர் தொழுகைக்குக் கிளம்பினார், நான் உங்கள் இருவருக்கும் சோறு போட வீட்டுக்கு வந்தேன். பூட்டியது நான், சாவி என் இடுப்பில். கொட்டகைக்கு ஒரே கதவு, ஜன்னலில் கம்பி வலை.

ரெண்டரை மணிக்கு மாமாவும் நானும் சேர்ந்துதான் பூட்டைத் திறந்தோம். அந்த ஒரு மூட்டை எழுத்தும் குவியல் குவியலாகப் பிரிந்திருந்தது.

"ஏய், நம்ம ஆளுக யாராச்சும் வந்தாகளா?" என்று மாமா முதலில் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார். அடுத்த குவியலில் அள்ளினார். "என்ன எழவு இது? ர, ந, த எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. தடிமன் பாத்துல்ல பிரிச்சுருக்கு! தொழில் தெரிஞ்சவன் பண்ற வேலையா?" என்றார். பிறகு கடைசிக் குவியலைக் கிண்டியதும் அவர் குரல் இறங்கியது. "ஒடஞ்சது, முகம் தேஞ்சது பூராம் தனியா எடுத்துருக்கு மாப்ளே. எனக்கே கண்ணாடி போட்டாத்தான் தெரியும்."

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பெரியது, நடுத்தரம், சிறிசு, வெடித்தது. ஏலக்காயை இப்படித்தான் பிரிப்பார்கள். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தங்களைச் சுற்றி அரைவட்டமாகக் குவிப்பார்கள். இங்கேயும் அரைவட்டம், நடுவில் ஒரு ஆள் உட்கார்கிற இடம் காலி. குடோனில் எல்லோரும் பெரிய காயை வலப்பக்கம் போடுவார்கள். உங்கள் அம்மா இடக்கைக்காரி, அவள் ஒருத்திதான் இடப்பக்கம் போடுவாள். இங்கேயும் இடப்பக்கம். ஏலக்காய் வாசனை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஈயமும் மண்ணெண்ணெயும்தான் நாறியது.

பயம் எனக்கு வரவில்லை. என் மனசில் வந்தது வேறு. எழுத்து தெரியாத ஒருத்தி, புருஷன் திணறுகிறானே என்று தனக்குத் தெரிந்த விதத்தில் உதவிவிட்டுப் போயிருக்கிறாள். அவளை எழுத்து தெரியாதவளாகவே வைத்தது நான்.

"கலைச்சுருவோம் மாப்ளே. எழுத்துக்கு எழுத்து சேந்தாத்தான் கோக்க முடியும்" என்று மாமா கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "நீ பாத்துக்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் பிரித்து வைத்ததைக் கலைக்க மனசு வராமல், அதற்குப் பிறகு நான் கொட்டகையைத் திறக்கவே இல்லை, யாரையும் திறக்க விடவும் இல்லை. வகுப்புக்கு வருகிற பேச்சியக்கா ஒருநாள் மார்க்கெட்டுக்கே வந்து, "எழுத்து வருதா வரலையா, ஒரு வழியாச் சொல்லு தம்பி. இல்லன்னா நாங்க பாட்டுக்கு எங்க சோலியப் பாக்குறோம்" என்று கேட்டாள். நான் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினேன். பங்குனியில் வகுப்பு நின்றுபோனது. பதினோரு பெண்கள் இன்றைக்கும் கைநாட்டுத்தான், அது என்னால். கொட்டகைக்காரர் காலி செய்யச் சொன்னபோது சாவியை மாமாவிடம் கொடுத்தேன், அவர் நாலு மூட்டையையும் உருக்கப் போட்டுவிட்டார். உள்ளே என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் போன பிறகுதான் கவனித்தேன். அரைவட்டத்துக்கு உள்ளே, மடக்கிய முழங்கால் வருகிற இடத்தில், மூன்று சின்னக் குவியல் இருந்தது. ஒன்றில் ப மட்டும். ஒன்றில் ட மட்டும். ஒன்றில் ம மட்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட மாறவில்லை. அச்செழுத்து ஈயத்தில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் திரும்பித்தான் இருக்கும்; ப-வுக்கு அதில் வித்தியாசமில்லை, ட-வும் ம-வும் மாறிவிடும். தரையில் சாக்பீஸால் பார்த்த எழுத்தை வைத்து அதை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது, எனக்கே ஒரு வருஷம் பிடித்தது. அது நேராகத் தெரிய வேண்டுமென்றால் எழுத்துக்கு அந்தப் பக்கம், ஈயத்துக்குள் இருந்து பார்க்க வேண்டும்.

அவிழ்க்காத மூட்டை ஒன்றில் கைவிட்டுத் துழாவி, ஒரு க-வைத் தேடி எடுத்தேன். முந்தானையில் துடைக்கிற மாதிரி என் துண்டில் துடைத்து, அந்த மூன்று குவியலுக்கும் அடுத்து, முகம் அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்படி நிறுத்திவைத்தேன். "க" என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன், மெதுவாக. பிறகு கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.